மலையகத்துப் பசி: அறியாமையா, அநீதியா?

மலையகத் தோட்டங்களில் வாழும் தாய்மாரும் குழந்தைகளும் ஏன் போசாக்கின்றி இருக்கின்றனர் என்னும் வினா எழும்போதெல்லாம் எமது கருத்தரங்குகளில் ஆயத்தமான ஒரு விடை கிடைக்கின்றது. "அம்மக்களுக்கு அறிவூட்ட வேண்டும்" என்பதே அவ்விடை. அவர்கள் கீரை உண்பதில்லை. ரொட்டியை விட்டால் வேறுணவு அறியார். ஆண்கள் குடித்துத் தீர்க்கின்றனர். தாய்மார் பிள்ளைகளைக் கவனிப்பதில்லை. இவ்வளவையும் கூறி, வண்ணப்படங்கள் அச்சிட்ட துண்டுப்பிரசுரங்களையும் விநியோகித்துவிட்டு மதிய உணவுக்கு எழுந்து செல்லும் நிபுணர்களை நாம் கண்டிருக்கின்றோம். அவ்விடையை மறுக்கவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. அத்துடன், "நாட்சம்பளம் உயர்ந்தால் யாவும் சீராகும்" என்று மேதின மேடைகளில் முழங்கும் எம்மவரின் விடையையும் இது மறுக்கின்றது. முன்னையது இன ஒடுக்குமுறையை மறைக்கின்றது. பின்னையது பெண்ணை மறைக்கின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்காதவரை லயத்து அடுப்பில் ஏன் உலை ஏறவில்லை என்பது எமக்கு விளங்கப்போவதில்லை.

நிலைமையை முதலிற் கூறிவிடுதல் நன்று. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். தோட்டத்துறையில் இது ஏறத்தாழ 32 சதவீதம். பத்தாண்டுகளுக்கு முந்திய 2006-2007 ஆய்விலே தோட்டத்துறையின் வீதம் 40 அளவில் இருந்ததன்றோ என்று ஆறுதல் கூறுவாரும் உளர். மூன்றிலொரு குழந்தை குன்றிப்போவதை முன்னேற்றமெனக் கொண்டாடுவதற்குத் தனியானதொரு மனம் வேண்டும். உயரம் ஒரு மாதத்திற் குன்றுவதன்று. அக்குழந்தை கருவிலிருந்த காலத்திலேயே அதன் குறைவு தொடங்கிவிடுகின்றது. குழந்தையின் உயரத்தை அளப்பவர் உண்மையிலே தாய் உண்டதையும் உண்ணாததையும் அளக்கின்றார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அறியாமையே காரணமென்போர் ஒரு கேள்விக்கு விடைகூறக் கடமைப்பட்டுள்ளனர். தோட்டத்தின் எல்லைக்கு அப்பாலுள்ள கிராமத்துச் சிங்கள விவசாயியின் மனைவி போசாக்கியல் கற்றவளா? அல்லள். அவளும் வறியவளே. ஆயினும் அவளது வீட்டைச் சுற்றி ஒரு துண்டு நிலம் உண்டு. அதிலே ஒரு பலாமரம், சில மரவள்ளித் தடிகள், ஒரு முருங்கை, ஒரு கொச்சிச் செடி நிற்கும். அரிசி இல்லாத நாளில் அந்நிலம் அவளுக்குக் கைகொடுக்கும். மலையகப் பெண்ணுக்கு அத்தகைய நிலம் இல்லை. மலைமலையாகத் தேயிலை நட்டவளின் கையில் ஒரு கீரைப்பாத்திக்கு இடமில்லாமற் போனது தற்செயலன்று.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாமென ஒதுக்கி வைத்தது. அரிசியைக் கொத்தால் அளப்பதுபோல் மனிதரை அளந்த ஒப்பந்தம் அது. இவையெல்லாம் வரலாற்று மாணவர் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் ஆண்டுகள்தாம். ஆனால் பிரசாவுரிமையை நாம் வாக்குச்சீட்டோடு மட்டும் தொடர்புபடுத்திப் பழகிவிட்டோம். அதனைச் சோற்றோடு தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. இந்நாட்டிலே ஏழைக்கு உணவு வந்த வழிகள் இரண்டு. ஒன்று அரசு பகிர்ந்தளித்த நிலம். மற்றையது அரசு வழங்கிய நிவாரணம். இரண்டுக்கும் திறவுகோல் பிரசாவுரிமையே.

1973, 1974 ஆம் ஆண்டுகளிலே இது அப்பட்டமாக வெளிப்பட்டது. உலகச் சந்தையில் உணவு விலைகள் ஏறின. அரசாங்கப் பங்கீட்டிலே அரிசியும் மாவும் சீனியும் குறைக்கப்பட்டன. எல்லோரும் பயிரிடுங்கள் என்று நாடெங்கும் பிரசாரஞ் செய்யப்பட்டது. எங்கே பயிரிடுவது? கிராமத்தவர் மரவள்ளியையும் பலாக்காயையும் கொண்டு ஒருவாறு உயிர் பிழைத்தனர். தோட்டத் தொழிலாளர் மாவை நம்பி வாழ்ந்தவர்கள்; மா குறைந்ததும் அவர்களிடம் வேறொன்றும் இருக்கவில்லை. பட்டினியால் மடிந்தோரும் மலைநாட்டு நகரங்களின் தெருக்களிலே கையேந்தி நின்றோரும் அவர்களே. அதே ஆண்டுகளில் நிலச்சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 1972 இலும் 1975 இலும் சுவீகரிக்கப்பட்ட நிலங்களில் ஒரு பகுதி பகிர்ந்தளிக்கப்பட்டபோது, அந்நிலத்திலே பரம்பரையாக உழைத்தவர்கள் பெறுவோர் பட்டியலில் இடம்பெறவில்லை. பல இடங்களிலிருந்து துரத்தவும் பட்டனர். 1977 மே மாதத்திலே நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தைப் பகிர்வதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், டெவன் தோட்டத்துச் சிவனு இலட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். நிலத்துக்காக நிகழ்ந்த சாவு என்று அதனை எழுதுகின்றோம். உணவுக்காக நிகழ்ந்த சாவு என்று எழுதினாலும் பிழையில்லை.

மகாவலித் திட்டத்திலே குடியேறிய குடும்பமொன்றுக்கு இரண்டரை ஏக்கர் வயல் நிலமும் வீட்டோடு அரை ஏக்கர் மேட்டு நிலமும் வழங்கப்பட்டன. அரை ஏக்கர் என்பது 80 பேர்ச். இருநூறு ஆண்டு உழைப்பின் பின்னர் மலையக வீடமைப்புத் திட்டங்களிலே பெரும் வெற்றியெனப் பறைசாற்றப்பட்டது 7 பேர்ச். இவ்விரு எண்களையும் அருகருகே எழுதிப் பார்ப்பது எந்தப் போசாக்குத் துண்டுப்பிரசுரத்தையும் விடப் பயனுடையது.

நிவாரணத்தின் கதையும் இதற்கு வேறானதன்று. 1978 இல் இலவச அரிசி குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டுமென வரையறுக்கப்பட்டு, 1979 இல் உணவு முத்திரை அறிமுகமாயிற்று. வருமானத்தைக் குறைத்துக் கூற வல்லவர்கள் முத்திரை பெற்றனர். தோட்டத்திலோ வேலைசெய்யும் ஒவ்வொருவரின் சம்பளமும் சதக் கணக்கில் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது. உழைத்ததற்கான சான்றே அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று. பின்னர் வந்த சமுர்த்தியும் நெடுங்காலம் தோட்டத்து வாயிலைத் தாண்டி உள்ளே போகவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் ஒரு பாதை இடுவதற்கும் சபைப் பணத்தைச் செலவிட முடியாதிருந்தது. 2018 இலேதான் அது திருத்தப்பட்டது. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடு பிரசாவுரிமைப் பிரச்சினை தீர்ந்துவிட்டதென்று கூறுவோர் இவ்விடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளுக்கும் கணக்குக் கூறட்டும்.

இதுவரை கூறியவற்றை எமது தொழிற்சங்கத் தலைவர்களும் தமிழ்த் தேசியம் பேசுவோரும் தலையசைத்து ஏற்பர். இனி எழுதுவதை அவர்கள் ஏற்பார்களோ அறியேன்.

மலைக்குச் செல்லும் பெண் அதிகாலை நான்கு மணியளவில் எழுகின்றாள். விறகு அவள் சுமந்து வந்தது. தண்ணீர் அவள் பிடித்து வைத்தது. ஏழு மணிக்கு முன் காலையுணவும் மதிய உணவும் ஆயத்தமாக வேண்டும். கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விடவேண்டும். பெயர் பதியப் பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். ஈரவிறகின் ஒற்றை அடுப்பிலே சோறும் இரண்டு கறியும் சமைக்க அவளுக்கு நேரமில்லை. மாவைப் பிசைந்து தட்டிப்போட்டால் ரொட்டி விரைவில் வெந்துவிடும். துணியிற் சுற்றி மலைக்கும் கொண்டுபோகலாம். ஒரு சம்பலோடு முடிந்துவிடும். ரொட்டி அவளது அறியாமையின் விளைவன்று. அது நேரத்தின் விளைவு. அந்நேரத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் இருவர். பகலை எடுத்துக்கொண்டது தோட்டம். காலையையும் மாலையையும் எடுத்துக்கொண்டது குடும்பம். இவ்விருவருள் எவரையும் குறிப்பிடாமல் "ரொட்டியைக் குறையுங்கள்" என்று கூறுவது எளிது.

சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். 1927 ஆம் ஆண்டின் கூலிச் சட்டத்திலிருந்தே தோட்டத்திலே ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்கு அதிற் குறைந்த கூலியும் விதிக்கப்பட்டிருந்தன. பெண்ணின் வயிறு சிறிது என்று சட்டம் கருதியது போலும். 1984 ஏப்பிரல் மாத வேலைநிறுத்தத்தின் பின்னரே நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது. அது பெரும் வெற்றியே. அதனைக் குறைத்துக் கூறுவது எமது நோக்கமன்று. ஆனால் காகிதத்திற் சமமான சம்பளம் நிறுவைத் தராசிலே சமமாக இருப்பதில்லை. கொழுந்து பறிப்போரிற் பெரும்பான்மையினர் பெண்கள். முழுப்பேர் விழுவதற்கு இத்தனை கிலோ என்ற கட்டாயம் அவர்களுக்குரியது. கவ்வாத்து வெட்டும் ஆண் தன் பங்கை முடித்துப் பிற்பகலுக்கு முன்பே வீடு திரும்பிவிடலாம். பெண்ணோ மாலை நிறுவை முடியும்வரை மலையிலிருந்து இறங்க முடியாது. கிலோ குறைந்தால் அரைப்பேர். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்ந்தபோது பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கிலோவும் கூடவே உயர்ந்தது. அவ்வாண்டிலேயே இரசாயன உரம் தடைசெய்யப்பட்டது, கொழுந்து குறைந்தது. கொழுந்தில்லாத மலையில் கூடுதலாகப் பறி என்று பெண்ணிடம் கூறப்பட்டது. 2024 செப்ரெம்பரில் 1,350 ரூபா என வர்த்தமானியில் வெளியானபோதும், அரைப்பேர் விழுந்தவளுக்கு அது 675 ரூபாவே. மேடையில் முழங்கும் தலைவர் நாட்சம்பளத்தின் தொகையைக் கூறுகின்றார். எத்தனை பெண்கள் அத்தொகையை முழுமையாக வீட்டுக்குக் கொண்டுபோயினர் என்று கூறக் கேட்டதில்லை.

கொண்டுபோனதும் எவர் கைக்குச் சென்றது? மனைவியின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ கையேற்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. 1980களின் தொடக்கத்திலே தோட்டப் பெண்களைப் பற்றி ஆராய்ந்த றேச்சல் குரியன் இதனைப் பதிவுசெய்துள்ளார். நிருவாகத்துக்கு அது வசதியாக இருந்தது. சங்கங்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தோன்றவில்லை. குடிப்பழக்கத்தைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. "சம்பளம் முழுவதையும் குடித்துவிடுகின்றனர்" என்பது துரைமார் காலந்தொட்டு வரும் வசை. சம்பளத்தைக் கூட்ட மறுப்பதற்கு அது நல்ல சாக்கு. அதற்காகக் குடியே இல்லையென்று நாம் வாதிடவும் வேண்டியதில்லை. அவளுடைய உழைப்பின் பணம் அவளிடம் கேளாமலே சாராயக் கடைக்குப் போக முடிகின்றதே, அம்முறையைப் பற்றி இருதரப்பாரும் வாய்திறவாதிருப்பதுதான் எமது குற்றச்சாட்டு.

பரிமாறும் ஒழுங்கும் ஓர் அரசியலே. முதலில் தகப்பன், பின் ஆண்பிள்ளைகள், பின் பெண்பிள்ளைகள், கடைசியாகத் தாய். இதனை எந்த நூலிலிருந்தும் நான் அறியவில்லை. எங்கள் காம்பராவில் அப்படித்தான் உண்டோம். முட்டை வாங்கும் நாளில் அது எனக்கு. "படிக்கிற பிள்ளை" என்று அம்மா காரணம் கூறுவாள். என்னிலும் இரண்டு வயது இளைய தங்கையும் அப்போது படித்துக்கொண்டுதான் இருந்தாள். தாய்க்கென வழங்கப்பட்ட திரிபோஷாவை அம்மா உருண்டை பிடித்து எங்கள் இருவருக்கும் தந்ததும் நினைவிலுண்டு. பெரிய உருண்டை எவருக்கு என்பதை எழுதத் தேவையில்லை. 2022 இலே மா விலை கைக்கெட்டாமற் போய், வீட்டில் இருவேளை அடுப்பு எரிவதே அரிதானபோது, நான் பரீட்சைக்குப் படித்தேன். தங்கை பாடசாலையை விட்டுக் கொழும்பிலே ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். அவள் அனுப்பிய பணத்தில் வாங்கிய மாவை நானும் உண்டேன். இதனை எழுதுவது இரக்கம் தேடுவதற்கன்று. குடும்பம் என்பது ஒரே வயிறன்று என்பதற்குச் சான்றாக வேறெவரையும் காட்டுவதிலும் என்னைக் காட்டுவதே நேர்மை.

2022 செப்ரெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அவ்வாண்டில் உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் நடத்திய மதிப்பீடு, உணவுப் பாதுகாப்பின்மை தோட்டத்துறையிலேயே மிகக் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. இம்மதிப்பீடுகள் வேண்டியவையே. ஆயின் அவை பெரும்பாலும் குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிடுபவை. ஐவர் கொண்ட குடும்பத்திலே ஒருவர் வயிறார உண்டு ஒருவர் வெறுந்தேத்தண்ணீரோடு படுத்தால், கணக்கில் வருவது ஒரு சராசரி. அச்சராசரியை எவரும் உண்பதில்லை.

"இது எங்கள் பண்பாடு, தாய் கடைசியாக உண்பது தியாகம்" என்பார்க்கு ஒரு விடையே உண்டு. தியாகம் என்பது மறுக்கவும் உரிமையுள்ளவர் செய்வது. மறுத்தால் அடிவிழும் இடத்தில் அது தியாகமன்று. "பெண்ணின் பிரச்சினையை எழுப்பினால் ஒடுக்கப்பட்ட இனத்தின் ஒற்றுமை குலையும்" என்பாரின் வாதம் இதனிலும் கவனத்துக்குரியது. ஏனெனில் நேர்மையான தோழர்களும் இதனைக் கூறுகின்றனர். ஆனால் வரலாறு அவர்கள் கூறுவதற்கு மாறாக உள்ளது. தேயிலைத் தோட்டம் தனியாட்களை அன்றிக் குடும்பங்களையே நாடியது. பெண்ணின் கைக்குக் குறைந்த கூலி. அவளது சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் கூலியே இல்லை. நாளைய தொழிலாளியை அவள் இலவசமாக வளர்த்துக் கொடுப்பதனாலேயே இன்றைய தொழிலாளிக்கு அரைவயிற்றுக்குக் காணும் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்ளத் தோட்டத்தால் முடிந்தது. வாக்கும் நிலமும் அற்ற இனத்தவராய் இருந்தமையால் அதனைக் கேட்பாரும் இல்லை. பெண்ணடிமையை விலக்கிவிட்டு இனச் சுரண்டலை விளக்க முடியாது. ஒன்று மற்றொன்றின் கூலியைக் குறைக்கின்றது.

இது தமிழ்ப் பெண்ணுக்கு மட்டுமே நேர்ந்ததென்றும் எண்ணவேண்டாம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலே வாரிசுரிமைப் பட்டியல் மகளுக்கு முன் மகனை வைத்தது. 2022 இலேதான் அது திருத்தப்பட்டது. அரச காணி பெற்ற சிங்கள விவசாயியின் மகளும் அந்நிலத்தில் இரண்டாமிடத்திலேயே நின்றாள். ஆயினும் அவளுக்கு இரண்டாமிடம் என்றொன்று இருந்தது. மலையகப் பெண் வரிசையிலேயே இல்லை. யாழ்ப்பாணத்து அடுப்படியைப் பற்றி யாழ்ப்பாணத்து நண்பர் எவரேனும் எழுதுவது நன்று. அங்கும் கடைசியாக உண்பவர் எவரென்பது அவர்களுக்குத் தெரியும்.

எமது பல்கலைக்கழகத்துக்கும் கூறவேண்டியது உண்டு. கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணின் படத்தை அட்டையில் இட்டு எத்தனை மலர்கள் வெளியிட்டிருக்கின்றோம்! அவளது விரல்களைப் பற்றி எத்தனை கவிதைகள்! அக்கவிதைகளிலே அவள் எப்போதும் மலையில் நிற்கின்றாள். அடுப்படியில் நிற்பதில்லை. மலையில் நிற்பவளைப் பாடினால் குற்றவாளி தோட்டத்துரை. அடுப்படியில் நிற்பவளைப் பாடினால் குற்றவாளி கவிஞரே ஆகிவிடக்கூடும். தொழிற்சங்கங்களின் உறுப்பினருள் பெரும்பகுதியினர் பெண்கள்; சந்தா அவர்களது சம்பளத்திலிருந்து கழிகின்றது. பேச்சுவார்த்தை மேசையைச் சுற்றி இருப்போரோ ஏறத்தாழ முழுவதும் ஆண்கள்.

ஆகவே, வீடும் காணியும் வழங்கப்படுமிடத்து உறுதி பெண்ணின் பெயரிலோ இருவர் பெயரிலுமோ எழுதப்பட வேண்டும். அக்காணி வீட்டுக்கு மட்டுமன்றிப் பயிருக்கும் போதியதாக இருத்தல் வேண்டும். சம்பளமும் அரச நிவாரணமும் பெண்ணின் கணக்குக்கே செல்ல வேண்டும். அரைப்பேர் முறை ஒழிய வேண்டும். பிள்ளைமடுவத்திலே குழந்தைகளுக்குச் சமைத்த உணவு, மலையிலே வேலைசெய்யும் பெண்ணுக்குச் சமைத்த மதிய உணவு ஆகியவற்றைச் சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்துக் கோர வேண்டும். தகப்பனும் மகனும் அடுப்பு மூட்டுவதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை.

எமது கலைப்பீடத்திலிருந்து ஆண்டுதோறும் களஆய்வுக்குச் செல்லும் மாணவர் கொண்டுசெல்லும் வினாக்கொத்திலே முதல் வினா "குடும்பத் தலைவரின் பெயர்" என்பது. அதனை நீக்கச் சொல்லவில்லை. அதன்கீழ் இன்னும் இரண்டைச் சேர்க்குமாறு விரிவுரையாளர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்: நேற்றிரவு இவ்வீட்டில் கடைசியாக உண்டவர் யார்? அப்போது சட்டியில் எஞ்சியிருந்தது எவ்வளவு? விடையைத் தலைவரிடமன்றி அவளிடமே கேட்க வேண்டும். அவர் அருகில் இல்லாத நேரத்திற் கேட்க வேண்டும்.